பழி நாய் மேல்... பூச்சி புல் மேல்!

என் மாமியாருக்கு வந்த காய்ச்சலுக்குத் தண்டனை அனுபவித்தது எங்கள் வீட்டு நாய் மணி.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கார்த்திகை மாதம். வேலூரில் ஒரு மருத்துவமனையில் அத்தையைச் சேர்த்திருந்தோம். டாக்டர் 'ஸ்க்ரப் டைபஸ்' என்றார். நாங்கள் விழிப்பதைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற நர்ஸ், "உண்ணிக் காய்ச்சல்னு பேப்பர்ல போடுவாங்களே, அதுதான்" என்று தமிழில் சொன்னார். அந்த வார்த்தை போனில் ஊருக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள், என் கொழுந்தனார் மணியைச் சாக்கில் போட்டு பைக்கில் வைத்துக்கொண்டு போய், இரண்டு ஊர் தள்ளிச் சந்தை மைதானத்தில் இறக்கிவிட்டு வந்துவிட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உண்ணி என்றால் யாருக்குமே நாயும் மாடும்தானே ஞாபகத்துக்கு வரும்? நாய்க் காதுக்குள் கொத்தாக ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பிப்போய்க் கிடக்குமே, அது. அம்மாவின் உயிருக்கு ஆபத்து என்று கேட்ட மகன், கண்ணெதிரே உண்ணியோடு திரியும் நாயைத்தான் முதலில் விரட்டுவார்.

ஆனால், அத்தையைக் கடித்தது நாய் உண்ணி இல்லை. இந்த ஒரு விஷயத்தைப் புரியவைக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, தெரு முழுக்க, என் கணவரின் சித்தி, பெரியம்மா வீடுகள் வரைக்கும்! பெயரால் வந்த வினை.

நடந்ததைச் சொல்கிறேன். அத்தைக்கு அப்போது 61 வயது. அணைக்கட்டு பக்கம் ஒரு சின்ன ஊரில் கொழுந்தனார் குடும்பத்தோடு இருக்கிறார். இரண்டு பசு, கொஞ்சம் நிலம், நாலு தென்னை. நாங்கள் காட்பாடியில். தீபாவளி முடிந்து மழை விட்டதும், ஏரிக்கரைப் பக்கம் புல் இடுப்பளவு வளர்ந்து நின்றது. அத்தைக்கு அதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. தினமும் சாயங்காலம் ஒரு கட்டு அறுத்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல்.

முதலில் ஊரிலேயே ஊசி. பிறகு பக்கத்து டவுன் கிளினிக்கில் குளுக்கோஸ். டெங்கு பார்த்தார்கள், இல்லை. மலேரியா பார்த்தார்கள், இல்லை. டைபாய்டு 'லேசா இருக்கிற மாதிரி' என்று ஒரு மருந்து ஐந்து நாள் ஏறியது. காய்ச்சல் 103-ஐ விட்டு இறங்கவே இல்லை. தலையைத் தூக்க முடியாத வலி. எட்டாவது நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் என் கணவர் ஆட்டோ பிடித்து வேலூருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அன்றிரவு டூட்டியில் இருந்தவர் ஒரு பெண் டாக்டர். சின்னப் பெண். ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த கையோடு, படுக்கையைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். என்னை மட்டும் உள்ளே இருக்கச் சொன்னார். அக்குள், மார்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால், முட்டி மடிப்பு என்று டார்ச் அடித்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். பாவாடை நாடாவைத் தளர்த்தியதும், இடது இடுப்பில் நாடா அழுத்தும் தடத்துக்குக் கீழே இருந்தது. ஸ்டிக்கர் பொட்டு அளவில் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு. பீடி நெருப்பில் சுட்ட மாதிரி.

"இது எப்போதிலிருந்து பாட்டி?"

"அது கெடக்குது ஒரு வாரமா. சுண்ணாம்பு வெச்சேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன் அத்தை ஒரு டாக்டர்கிட்டயும் சொல்லலை?" என்றேன்.

"வலிக்கவே இல்லியேம்மா. வலிச்சாதானே சொல்றது? அதுவும் அங்க இருக்கறத எவன்கிட்ட காட்டறது?"

அவ்வளவுதான் விஷயம். ஐந்து நாள் குளுக்கோஸ் ஏற்றிய இடத்தில் பார்த்தவர்கள் எல்லாம் ஆண்கள். அத்தை காட்டவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அந்தக் கறுப்புப் பொருக்கு இந்த நோய்க்கு ஆதார் கார்டு மாதிரி. அது தெரிந்துவிட்டால் ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்னாலேயே மருந்தை ஆரம்பித்துவிடலாம். நோய் வந்த எல்லோருக்கும் அது இருக்காது என்றும் டாக்டர் சொன்னார். இருந்தாலும் வலிக்காது, அரிக்காது. இடமோ, நாம் யாருக்கும் காட்டாத இடம். பெண்களுக்கு இது இரட்டைச் சோதனை. வீட்டில் யாருக்காவது நாலைந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்றால், குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உச்சி முதல் பாதம் வரை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மகளோ, மருமகளோ, தங்கையோ, யாருக்கு உரிமை இருக்கிறதோ அவர்கள் பார்க்கலாம்.

அத்தைக்கு நுரையீரலில் பாதிப்பு வந்திருந்ததால் நாலு நாள் ஐ.சி.யூ.வில் ஆக்சிஜனோடு இருந்தார். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரண்டு மருந்தையும் நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஏன் இரண்டு என்று கேட்டேன். நோய் முற்றியவர்களுக்கு ஒன்றைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே நல்லது என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நாட்டின் பல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 800 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2023-ல் வெளிவந்திருக்கிறதாம். உலகமே இப்போது அதைப் பார்க்கிறது என்று அந்தப் பெண் டாக்டர் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமை. நம்ம ஊர் வியாதிக்கு நம்ம ஊரிலேயே விடை.

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஐ.சி.யூ. எல்லாம் வேண்டாம். சில ரூபாய் விலையுள்ள டாக்ஸிசைக்ளின் மாத்திரையே போதும், பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் சாதாரணமாகக் காய்ச்சலுக்குப் போடும் பென்சிலின் வகை ஊசிகளுக்கு இந்தக் கிருமி அசையாது. அதனால்தான் அத்தைக்கு அத்தனை ஊசி போட்டும் இறங்கவில்லை. இதைப் படித்துவிட்டு நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். 'இது ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா டாக்டர்?' என்று கேட்டால் போதும். கேட்பதில் தப்பே இல்லை.

சரி, கடித்தது யார்?

மைட் என்று ஒரு பூச்சி. உண்ணிக்கு தூரத்துச் சொந்தம், எட்டுக்கால் வகை. வளர்ந்த பூச்சி மண்ணுக்குள் தன்பாட்டுக்கு வாழும், மனிதரைத் தொடாது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குத்தான் ஒரே ஒரு வேளை விருந்து தேவை. அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. செம்மஞ்சள் நிறம், ஆறே கால். வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். புல் நுனியில் உட்கார்ந்து எலியோ, பெருச்சாளியோ, அணிலோ உரசிக்கொண்டு போகக் காத்திருக்கும். நாம் உரசினால் நம்மேல் ஏறும். ஏறியதும் கடிக்காது. ஊர்ந்துபோய்த் துணி இறுக்கமாக இருக்கும் இடம், வியர்க்கும் இடம், தோல் மெல்லிசான இடம் எது என்று தேடும். பாவாடை நாடா, ஜாக்கெட் விளிம்பு, உள்ளாடை எலாஸ்டிக் எல்லாம் அதற்கு வசதி. ரத்தம் குடிப்பதுகூட இல்லை, தோல் திசுவைக் கரைத்து அந்த நீரைக் குடிக்கும். அந்த நேரத்தில், அதன் உடம்பில் நோய்க் கிருமி இருந்தால் நம் உடம்புக்குள் வந்துவிடும். தாய்ப் பூச்சிக்குக் கிருமி இருந்தால் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் வந்துவிடுமாம். அதனால் ஒரே ஏரிக்கரையில் இந்தப் பத்தடி ஆபத்து, அடுத்த பத்தடியில் ஒன்றுமில்லை என்றுகூட இருக்கும். எந்தப் பத்தடி என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளில் சண்டை போட்ட சிப்பாய்களை எதிரி அளவுக்குப் படுத்தியது இந்தப் பூச்சி. சீருடையிலேயே பூச்சி விரட்டும் மருந்தைத் தடவிக்கொண்டு புதருக்குள் போனார்களாம். நம் பெண்கள் ரவிக்கையும் புடவையுமாக, வெறுங்காலோடு அதே மாதிரிப் புதருக்குள் தினமும் போய் வருகிறார்கள். வட தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 30,000-க்கும் மேற்பட்டவர்களைச் சில வருஷங்கள் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு 2025-ல் வந்தது. அங்கே வருஷத்துக்குப் பத்தில் ஒருவர் வரை இந்தக் கிருமிக்கு ஆளாகிறார்கள். நிறையப் பேருக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும். சிலருக்குக் காய்ச்சல். அதில் சிலருக்கு அத்தை மாதிரி ஆபத்து. நம் பக்கத்தில் மழை தொடங்கும் ஐப்பசியிலிருந்து பனி விலகும் மாசி வரைக்கும்தான் இது அதிகம்.

ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றாது. அத்தை வீட்டுக்கு வந்த பிறகு தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்துவைத்தார் என் ஓர்ப்படி. எடுத்து மறுபடி அடுக்கில் வைத்தேன்.

டாக்டர் டிஸ்சார்ஜ் செய்யும்போது, "புல் வெட்டப் போகாதீங்க பாட்டி" என்றார். அத்தை தலையாட்டினார். வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம் அரிவாளைத் தேடினார். பசு இருக்கும் வீட்டில் புல் வெட்டப் போகாதே என்பது பேச்சுக்குத்தான் நன்றாக இருக்கும். அதனால் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. போகும் விதத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று பார்த்தேன்.

மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்று பெட்டியில் இருந்தது. எங்கள் பக்கம் வயல் வேலைக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போடுவது வழக்கம்தான். வெயிலுக்காகப் போடுவார்கள், கையை மடித்துவிடுவார்கள். அத்தையிடம் மடிக்காமல் மணிக்கட்டில் பட்டன் போடச் சொன்னேன். காலுக்குப் பழைய பேன்ட்டும் சாக்ஸும். பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருக வேண்டும். "இன்னாடி இது, போலீஸ்காரன் மாதிரி" என்று ஒரு நாள் முழுக்கச் சிரித்தார். சாக்ஸ் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பேன்ட் நிலைத்துவிட்டது. கொசுவுக்குப் பூசும் களிம்பில் 'டீட்' என்ற பொருள் இருந்தால் அது இந்தப் பூச்சியையும் உண்ணியையும் விரட்டும். கணுக்கால், கை, கழுத்துக்குப் பூசிக்கொள்ளலாம். கைக்குழந்தைகளுக்கு டாக்டரைக் கேட்டுத்தான்.

அடுத்தது உட்காருவது. வெற்றிலை போட, டீ குடிக்க, புல் தரையில் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது ஒரு பழைய உரச் சாக்கு கூடவே போகிறது, விரித்துத்தான் உட்காருவார். புல் கட்டு இடுப்பிலிருந்து சும்மாடு வைத்த தலைக்குப் போனது. இதோடு சொல்லக் கூச்சப்படும் இன்னொன்றும் இருக்கிறது. வேலை நடுவே ஒதுங்குவதற்குப் பெண்கள் மறைவாக, புதர் அடர்ந்த இடமாகத்தான் தேடிப்போவார்கள். பூச்சிக்கு அதைவிட வசதி கிடையாது. பக்கத்தில் கழிப்பறை இருந்தால் நாலு எட்டு நடந்தாவது போய்விடுவது நல்லது. இல்லாத இடத்தில், புல் இல்லாத கட்டாந்தரையாகப் பார்க்க வேண்டும். மறைவுக்கு ஒரு தோழி புடவையை விரித்துப் பிடித்தால் போயிற்று.

எல்லாவற்றையும்விட முக்கியம், வந்ததும் குளிப்பது. பூச்சி ஏறியவுடன் கடித்து ஒட்டிக்கொள்வதில்லை என்று சொன்னேன் இல்லையா? அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் நேரம். மாட்டைக் கட்டி, பால் கறந்து, அடுப்பு பற்றவைத்து, எல்லாம் முடித்துப் படுக்கும் முன் குளிப்பது என்றால் லாபமில்லை. முதல் வேலையாகக் குளிக்க வேண்டும். பீர்க்கங்காய் நாரில் சோப்பு போட்டு இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, முட்டி மடிப்பு எல்லாம் அழுத்தித் தேய்த்தால் போய்விடும். கழற்றிய துணியைக் கட்டில் மேல் போடக் கூடாது. நேராகச் சுடுதண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

இப்போது மணிக்கு வருகிறேன். சந்தை மைதானத்தில் விடப்பட்ட நாய் நாலாம் நாள் நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது. கொழுந்தனார் வாசலில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் சோறு வைத்தாராம். வேடிக்கை என்னவென்றால், போகும்போது ஐந்தாறு உண்ணிதான் இருந்திருக்கும். வரும்போது காது, கழுத்து, விரலிடுக்கு எல்லாம் நிஜ உண்ணிகள்! நாலு நாள் நாய்க்கூட்டத்தோடு திரிந்த சம்பாத்தியம்.

அத்தையின் காய்ச்சலுக்கு மணி காரணமில்லை. அதற்காக நாய் உண்ணி நல்லது என்று அர்த்தமில்லை. நாய் உண்ணி கடித்தும் மனிதருக்கு ஒரு வகைக் காய்ச்சல் வரும். அதில் உடம்பில் தடிப்பு வரும், சில சமயம் உள்ளங்கை, உள்ளங்காலில்கூட. குழந்தைகள் நாயோடு புரள்வதால் கவனம் வேண்டும். அது வேறு கிருமி, ஆனால் மருந்து அதே டாக்ஸிசைக்ளின்தான். போதாததற்கு, நாய்க்கே உண்ணியால் ரத்தத்தில் ஒரு காய்ச்சல் வரும். அதையும் கால்நடை மருத்துவர் உண்ணிக் காய்ச்சல் என்றுதான் சொல்வார். ஆக ஒரே பெயரில் மூன்று நோய். குழம்பாமல் என்ன செய்யும் ஜனம்?

மணியின் உண்ணியை எடுக்க ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். மண்ணெண்ணெய் தடவு, ஊதுபத்தியால் சுடு, வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கரைத்து ஊற்று. கடைசி யோசனையைச் சொன்னவரை நான் முறைத்த முறைப்பில் அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நாய் தன் உடம்பை நக்கும். பூச்சிமருந்து உள்ளே போனால் நாய் பிழைக்காது, தடவிய நமக்கும் ஆபத்து. சுடுவதும் எண்ணெய் ஊற்றுவதும் உண்ணியை எரிச்சல்படுத்தும். அது வயிற்றில் இருப்பதைக் கடித்த இடத்திலேயே கக்கிவிடலாம்.

கூர்மையான சின்ன இடுக்கியால் தோலை ஒட்டி, தலைப் பக்கமாகப் பிடித்து, திருகாமல், சீராக நேராக இழுத்தால் வந்துவிடும். நம் உடம்பில் ஒட்டியிருந்தாலும் இதே முறைதான். பிறகு சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். எடுத்ததை நகத்தால் நசுக்கவே கூடாது. இதை எழுதும்போது என் பாட்டியின் கட்டைவிரல் நகம் ஞாபகம் வருகிறது, அவர் நசுக்காத உண்ணியும் பேனும் கிடையாது! சோப்புத் தண்ணீரில் போட்டு மூடிவிட்டால் கதை முடிந்தது.

ஆனால் நாய் மேல் இருப்பது பாதிக் கணக்குக்கூட இல்லை. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவரில் ஏறி, விரிசலுக்குள்ளோ கதவு நிலை இடுக்கிலோ போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால்தான் நாயை எத்தனை முறை குளிப்பாட்டினாலும் பத்து நாளில் மறுபடி நிற்கும். கால்நடை மருத்துவர் மணியின் எடையைக் கேட்டு ஒரு மாத்திரை கொடுத்தார். சில மாத்திரை ஒரு மாதம் காக்கும், சில மூன்று மாதம். கூடவே, மணி படுக்கும் சாக்கைக் கொளுத்தி, திண்ணைச் சுவர் விரிசல்களை சிமென்ட்டால் அடைத்தோம். பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தில் 'பெர்மெத்ரின்' இருந்தால் பூனைக்கு அது விஷம். மருந்து மீதி இருக்கிறதே என்று பூனைக்கும் ஒரு சொட்டு விட்டுவிடாதீர்கள்.

வீட்டைச் சுற்றியும் கொஞ்சம் வேலை இருந்தது. விறகு அடுக்கு சமையலறைச் சுவரை ஒட்டி இருந்தது, அதன் அடியில் எலி வளை. மூன்று செங்கல் உயரத்தில் பலகை போட்டு, வீட்டை விட்டுத் தள்ளி அடுக்கினோம். கொல்லைப்புறப் புல்லை ஒட்ட வெட்டி, கழிவுநீர்ப் பக்கம் இருந்த புதரையும் எடுத்தாயிற்று. எலிக்குச் சோறும் மறைவும் இல்லை என்றால் பூச்சிக்கும் விருந்து இல்லை. கிராமம்தான் என்று நினைக்காதீர்கள். காட்பாடியில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுக்கு நடுவில் காலி மனை கிடக்கிறது. மழைக்குப் பிறகு ஆள் உயரப் புல், குப்பை, எலி. பிள்ளைகளின் பந்து சரியாக அங்கேதான் போய் விழும். வார்டு ஆளிடம் சொல்லிச் சொல்லி வருஷம் ஒருமுறை வெட்டுகிறார்கள். மற்ற நாளில், விளையாடி வரும் என் மகனுக்கு முதலில் குளியல், பிறகுதான் தோசை.

காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு விஷயம் இன்னும் கொஞ்சம் தீவிரம். அங்கே நிஜ உண்ணியே ஆளைக் கொல்லும் நோயைக் கொண்டுவரும். கர்நாடகத்தில் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் 1957-ல் குரங்குகள் கொத்துக்கொத்தாகச் செத்துவிழ, பின்னாலேயே மனிதர்களுக்கும் வந்த காய்ச்சல் அது. குரங்குக் காய்ச்சல் என்பார்கள். பிறகு வயநாடு வரை பரவிவிட்டது. கிருமி வைரஸ் என்பதால் டாக்ஸிசைக்ளினால் பயன் இல்லை. மார்கழி முதல் சித்திரை, வைகாசி வரை அந்தக் காடுகளில் கவனமாக இருக்க வேண்டும். செத்த குரங்கைக் கண்டால் பக்கத்தில் போகாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். பாதையின் நடுவில் நடப்பது, புதரை உரசாமல் போவது, பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுவது, திரும்பியதும் உடம்பைப் பார்ப்பது எல்லாம் இங்கும் அதேதான். ஏலகிரிக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போனபோது பாதை ஓரமெல்லாம் உண்ணிச்செடி பூத்துக் கிடந்தது. "டீச்சர், இதுலதான் உண்ணி இருக்குமா?" என்று ஒரு பெண் கேட்டாள். பெயரில்தான் உண்ணி, செடி மேல் தனியாக ஒரு குற்றமும் இல்லை என்றேன். ஆனாலும் அந்தப் புதருக்குள் பூப்பறிக்க யாரையும் விடவில்லை.

போன கார்த்திகையில் நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில், அத்தையோடு வேலை செய்யும் ஒரு அம்மாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அத்தையே அவரை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தியிருக்கிறார். மார்புக்குக் கீழே கறுப்புப் பொருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இருவருமாகப் போய், "இது புல்லுப் பூச்சிக் காய்ச்சலு, பாரும்மா" என்று டாக்டரிடம் அத்தையே சொன்னாராம். ஒரு வாரம் மாத்திரை, ஊசிகூட இல்லை. 'புல்லுப் பூச்சிக் காய்ச்சல்' என்பது அத்தை வைத்த பெயர். இப்போது எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பேப்பர்காரர்களும் எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அத்தை விடவில்லை. துவைத்த துணியை வேலிச் செடி மேலும் புல் தரை மேலும் விரித்துக் காயப்போடுவது. பூச்சி மறுபடி துணியில் ஏறும் என்று எத்தனையோ தரம் சொல்லி, கடைசியில் பொங்கலுக்குப் போனபோது நானும் என் கணவருமாகத் தென்னைக்குத் தென்னை நைலான் கொடி கட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம். போன வாரம் போய்ப் பார்த்தேன். துணி எல்லாம் வேலி மேல்தான். கொடியில் உப்புக்கண்டம் காய்கிறது. கீழே மணி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது.